நாலு எலுமிச்சம்பழம், ஒரு கேஜ்

புதுக் கார் டெலிவரி எடுக்கும் காட்சியைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர்கள் குறைவு. ஷோரூமில் வண்டியைப் பட்டுத்துணி போர்த்தி நிறுத்தியிருப்பார்கள். பாட்டி முதல் பேரன் வரை குடும்பமே கிளம்பி வந்திருக்கும். துணியை விலக்கியதும் கைதட்டல், கேக், ஆள் உயர அட்டைச் சாவியைப் பிடித்துக்கொண்டு ஒரு போட்டோ. அப்புறம் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை, சூடம். கடைசியில் நாலு டயருக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழம். வண்டி மெதுவாக நகரும், பழம் நசுங்கும். எல்லோரும் ஒருமுறை குனிந்து டயரைப் பார்ப்பார்கள். நாலும் சரியாக நசுங்கிவிட்டதா என்று!

அந்த டயருக்குள் எவ்வளவு காற்று இருக்கிறது என்பதை மட்டும் அங்கே ஒருத்தரும் பார்ப்பதில்லை.

இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பவர்கள், திருச்சியில் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரின் கதையைக் கேட்கலாம். ஓய்வுப் பணத்தில் வாழ்க்கையின் முதல் காரை வாங்கினார். பெரிய வண்டி எல்லாம் இல்லை, சாதாரண சின்னக் கார்தான். முதல் வாரமே மேடு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட ஆரம்பித்தது. ஏற்கெனவே முதுகுவலிக்காரரான அவர் மனைவி, "இதுக்கு டவுன் பஸ்ஸே தேவலாம்" என்று சொல்லிவிட்டார். இவர் ஷோரூமுக்குப் போன் போட்டார். "புது வண்டி சார், அப்படித்தான் இருக்கும். ஒரு ஆயிரம் கிலோமீட்டர் ஓடினா சஸ்பென்ஷன் எல்லாம் செட் ஆயிடும்" என்று பதில் வந்தது. வங்கியில் முப்பது வருடம் கணக்குப் பார்த்த மனிதர், ஆனால் கார் விஷயத்தில் புதுசு. நம்பிவிட்டார்.

மூன்றாவது வாரம் குடும்பத்தோடு மதுரைக்குக் கிளம்பினார். விராலிமலை தாண்டியதும் மழை. முன்னால் போன லாரி திடீரென்று வேகம் குறைக்க, இவர் பிரேக்கை மிதிக்க, வண்டி நிற்காமல் ஈரச் சாலையில் கொஞ்ச தூரம் வழுக்கிக்கொண்டே போனது. லாரிக்கும் காருக்கும் நடுவே ஒரு முழம் மிச்சம். யாருக்கும் எதுவும் ஆகவில்லை, ஆனால் அதற்கப்புறம் வண்டிக்குள் யாரும் பேசவும் இல்லை.

மேலூர் பக்கம் டீ குடிக்க நிறுத்தினார்கள். டீக்கடையை ஒட்டி ஒரு பஞ்சர் கடை. அங்கே உட்கார்ந்திருந்த பையன் எழுந்து வந்து டயரைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, காத்து ரொம்ப இருக்கே" என்றான். கேஜை வைத்துப் பார்த்தால் முன்னால் 48, 47. பின்னால் ஒன்று 48, இன்னொன்று 39. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தூணில் ஒட்டியிருந்த அட்டையில் போட்டிருந்தது 33. ஓடி வந்த சூட்டில் அழுத்தம் நாலைந்து ஏறியிருக்கும் என்று கழித்துக்கொண்டாலும் மூன்று டயரில் கிட்டத்தட்ட பத்து அதிகம். பையன் நாலையும் 37க்குக் கொண்டுவந்தான். "இப்ப சூடா இருக்கு, அதனால 33 வைக்கக் கூடாது. நாளைக்குக் காலைல வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி ஒருதரம் செக் பண்ணிக்குங்க" என்று சொல்லி அனுப்பினான். (பத்து ரூபாய் நோட்டைக் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்றானாம்.)

அதன்பிறகு வண்டி தூக்கிப் போடவில்லை. வீட்டுக்கு வந்து டெலிவரிக் காகிதங்களை எடுத்துப் பார்த்தார். நீளமான சோதனைப் பட்டியல். அதில் ஒரு வரி: டயர் காற்றழுத்தம். அதற்கு நேராக ஒரு டிக். பக்கத்தின் அடியில் அவருடைய சொந்தக் கையெழுத்து!

இது ஏதோ ஒரு ஷோரூமில் ஒருநாள் நடந்த கவனக்குறைவு என்று விட்டுவிடலாம் என்றால், அப்படி இல்லை. புது வண்டியில் காற்று தப்பாக இருப்பதற்குத் தெளிவான காரணம் உண்டு. ஆலையிலிருந்து வெளியே வரும் கார் நேராக ஷோரூமுக்கு வருவதில்லை. டிரெய்லரில் கட்டி ஏற்றப்படும், திறந்த யார்டுகளில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நிற்கும். அசையாமல் ஒரே இடத்தில் நின்றால் டயரின் அடிப்பக்கம் தட்டையாகிவிடும். அதனால் ஓட்டுவதற்குத் தேவையானதைவிடக் கூடுதலாகக் காற்றை அடித்து அனுப்பும் வழக்கம் இருக்கிறது. அதில் தப்பே இல்லை. வாடிக்கையாளரிடம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனையில் அந்தக் கூடுதல் காற்றை இறக்கி, அட்டையில் உள்ள அளவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. இந்தக் கடைசி வேலையைத்தான் விட்டுவிடுகிறார்கள். எதிர்ப்பக்கமும் நடக்கும். நல்ல டயரிலேயே மாதம் ஒரு பி.எஸ்.ஐ. போல் காற்று தானாகக் கசிந்துவிடும். அதிகம் அடிக்காமல் ரொம்ப நாள் யார்டில் கிடந்த வண்டி என்றால் குறைவான காற்றோடு வீட்டுக்கு வரும்.

இரண்டில் குறைவுதான் ஆபத்து அதிகம். காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிரும். மடங்க மடங்கச் சூடு. சித்திரை வெயிலில், ஐந்து பேரும் மூட்டை முடிச்சும் ஏறிய வண்டி நாலுவழிச் சாலையில் நூறில் போகும்போது, அந்தச் சூடு ரப்பருக்கும் உள்ளே இருக்கும் எஃகுப் பட்டைக்கும் இடையிலான ஒட்டையே பிரித்துவிடும். வெடிப்பது அப்படித்தான். காற்று அதிகமானால் டயரின் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும், பிடிமானம் குறையும், ரோட்டில் உள்ள ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் தெரியும். ரேடியல் டயர் எப்படியும் கொஞ்சம் பிதுங்கித்தான் நிற்கும் என்பதால் 25க்கும் 33க்கும் பார்வையில் பெரிய வித்தியாசம் இருக்காது. கேஜ் வைக்காமல் சரியாகக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

ஐந்து நிமிட வேலை. கருவி விலை சில நூறு ரூபாய். அப்படியிருந்தும் ஏன் செய்வதில்லை? இதற்குப் பதில் மெக்கானிக்கல் புத்தகத்தில் இல்லை, காஸ்டிங் புத்தகத்தில்தான் இருக்கிறது. ஒரு வேலையைச் செய்யாததால் வரும் நஷ்டம் அதைச் செய்ய வேண்டியவன் தலையில் விழவில்லை என்றால் அந்த வேலை நடக்காது. டயர் தேய்மானத்துக்கு வாரண்டி கிடையாது. எரியும் பெட்ரோல் வாங்கினவர் காசு. விற்பனையாளருக்கு மாதக் கடைசிக்குள் இத்தனை வண்டி தள்ள வேண்டும் என்ற இலக்கு இருக்கிறது. யார்டில் சோதனை செய்பவர் ஒரே நாளில் வரிசையாகப் பல வண்டிகளை முடிக்க வேண்டும். டிக் போட ஒரு நொடி, காற்றை இறக்க ஐந்து நிமிடம். எதைச் செய்வார்?

சரி, வாங்குகிறவராவது சண்டை போட வேண்டாமா? அங்கேதான் வேடிக்கை. நஷ்டத்தைக் கணக்குப் போட்டால் சிரிப்புதான் வரும். சராசரி அழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் குறையும் என்று அமெரிக்க அரசின் எரிபொருள் தளம் சொல்கிறது. ஆறு குறைவு என்றால் 1.2 சதவீதம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் வண்டி மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் கிட்டத்தட்ட 67 லிட்டர். அதில் 1.2 சதவீதம் 0.8 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்றால் மாதம் எண்பது ரூபாய்!! டயர் கணக்கு இதைவிடப் பெரியது. ஒரு செட் 20,000 ரூபாய், 40,000 கிலோமீட்டர் உழைக்க வேண்டியது 30,000த்தில் போய்விட்டது என்று உதாரணத்துக்கு வைத்துக்கொண்டால் கிலோமீட்டருக்கு 50 பைசா என்பது 67 பைசா ஆகிறது. மாதம் 170 ரூபாய். இதற்காக யாராவது நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவார்களா? மாட்டார்கள். வலி தெரியாத அளவுக்குச் சின்னச் சின்னதாகப் போகும் காசு இது. மழையில் லாரிக்குப் பின்னால் வழுக்கும் அன்றைக்குத்தான் மொத்தமாகத் தெரியும்.

பி.காம். படிக்கும் எல்லோரும் 1930ஆம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தைப் படித்திருப்பார்கள். வாங்குபவனே உஷாராக இருந்துகொள்ள வேண்டும் என்ற கொள்கை 16ஆம் பிரிவில் வரும், ஐந்து மார்க் கேள்வி. அதற்கு விதிவிலக்குகளும் உண்டு. விற்பவர் அந்த வகைச் சரக்கையே தொழிலாக விற்பவர் என்றால் சரக்கு விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். ஆனால் வாங்குபவர் சரக்கைப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. இப்போது அந்தக் கையெழுத்துப் போட்ட பட்டியலை நினைத்துப் பார்த்தால் கொஞ்சம் பகீர் என்கிறது. பூஜைக்கு நேரமாகிறது என்று அவசரப்படுத்தி வாங்கும் கையெழுத்து, நாளைக்கு 'இவரே பார்த்துச் சரி என்று சொன்னார்' என்பதற்குச் சாட்சியாக நிற்கும்.

கோர்ட் இந்த விஷயத்தை எப்படிப் பார்க்கிறது என்பதற்கு மும்பை உயர் நீதிமன்றத்தின் 2023ஆம் வருடத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. 2010 அக்டோபரில் புனேயிலிருந்து மும்பைக்குப் போன கார், பின்பக்க டயர் வெடித்துப் பள்ளத்தில் விழுந்து, அதில் பயணம் செய்த ஒருவர் இறந்துபோனார். தீர்ப்பாயம் அவர் குடும்பத்துக்கு சுமார் 1.25 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. இன்சூரன்ஸ் கம்பெனி மேல்முறையீடு செய்து, டயர் வெடித்தது கடவுள் செயல் என்று வாதாடியது. நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. மனிதக் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட இயற்கைச் சம்பவத்தைத்தான் அப்படிச் சொல்ல முடியும், டயர் வெடிப்பதற்கு அதிவேகம், குறைந்த காற்று, அதிகக் காற்று என்று பல காரணங்கள் உண்டு, பயணத்துக்கு முன் டயரைப் பார்ப்பது ஓட்டுபவர் அல்லது உரிமையாளரின் பொறுப்பு என்று சொல்லி, மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது.

நியாயமான தீர்ப்பு. ஆனால் இதன் மறுபக்கம் ஒன்று உண்டு. காற்றுக்கு உரிமையாளர்தான் பொறுப்பு என்றால், அவர் பொறுப்பு ஆரம்பிக்கும் நிமிடத்தில் டயரில் எவ்வளவு இருந்தது என்பதை எழுதிக் கொடுக்க வேண்டாமா? வங்கியில் ஒரு கேஷியர் இன்னொருவரிடம் பொறுப்பைக் கொடுக்கும்போது 'பணம் சரி' என்று டிக் போட்டுவிட்டுப் போவதில்லை. எத்தனை நோட்டு, மொத்தம் எவ்வளவு என்று எண்ணி எழுதுகிறார்கள். பத்து லட்ச ரூபாய் வண்டிக்கு நாலு எண்களை எழுதுவதில் என்ன கஷ்டம்?

'அட்டையில்தான் எழுதியிருக்கிறதே, பார்த்து வைத்துக்கொள்ள வேண்டியதுதானே' என்று ஒரு கட்சி சொல்லும். அந்த அட்டை எண்ணுக்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் எக்ஸ்ப்ளோரர் என்ற பெரிய வண்டியை ஃபயர்ஸ்டோன் டயர்களோடு விற்றது. ஃபோர்டு பரிந்துரைத்த அழுத்தம் 26. வண்டி கவிழும் தன்மையைக் குறைப்பதும் அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் என்பது பின்னால் வழக்குகளில் வெளிவந்த ஆவணங்களில் தெரிந்தது. டயரின் மேல்பட்டை உரிந்து வண்டிகள் கவிழ ஆரம்பித்தன. 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயர்களைத் திரும்ப அழைத்தது. அடுத்த மாதமே 26 போதாது, 30 வையுங்கள் என்றது. 'உன் டயர்தான் மோசம்' என்று ஃபோர்டும், 'உன் வண்டிதான் மோசம்' என்று ஃபயர்ஸ்டோனும் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன்னாலேயே மாறி மாறிக் குற்றம் சாட்டிக்கொண்டார்கள். அமெரிக்காவில் மட்டும் 270க்கும் மேற்பட்ட சாவுகள் அந்த டயர்களோடு சேர்த்துப் பேசப்பட்டன. டயரில் குறை இருந்தது என்று 2001இல் அரசு அமைப்பும் சொன்னது.

இத்தனைக்கும் இரண்டும் ஒருவிதத்தில் சம்பந்தி வீடு. ஹென்றி ஃபோர்டுக்கு ஹார்வி ஃபயர்ஸ்டோன் 1906இலேயே டயர் கொடுத்தவர். ஃபோர்டின் பேரனும் ஃபயர்ஸ்டோனின் பேத்தியும் 1947இல் கல்யாணம் செய்துகொண்டார்கள். இந்தத் தகராறு நடந்தபோது ஃபோர்டின் தலைவராக இருந்தவர் அந்தத் தம்பதியின் மகன். கிட்டத்தட்ட நூறு வருட வியாபார உறவை 2001 மே மாதம் ஃபயர்ஸ்டோன் முறித்துக்கொண்டது. (கல்யாணப் பத்திரிகையிலேயே காற்றழுத்தத்தையும் அச்சடித்திருக்கலாம் :-))

அந்த வண்டியை வாங்கினவர்களில் அட்டையை ஒழுங்காகப் படித்து 26 வைத்தவர்களும் இருந்திருப்பார்கள். அதிலிருந்து மாதம் ஒரு பி.எஸ்.ஐ. கசிந்தாலும் மூன்று மாதத்தில் 23. ஆரம்பமே குறைவாக இருந்ததால் தப்பு செய்ய இடமே மிச்சமில்லை. அட்டை எண் என்பது சொகுசு, பிடிமானம், மைலேஜ் எல்லாவற்றுக்கும் நடுவில் கம்பெனி செய்துகொள்ளும் சமரசம். அதற்காக அட்டையை நம்பக் கூடாது என்று அர்த்தமில்லை, அதைவிட நல்ல எண் சாதாரண ஆளுக்குக் கிடைக்காது. முக்கியமாக டயரின் பக்கச்சுவரில் 44 என்றோ 51 என்றோ அச்சடித்திருப்பது அந்த டயர் தாங்கும் அதிகபட்சம். அதைப் படித்துவிட்டு 'கம்பெனியே போட்டிருக்கான்' என்று 44 வைக்கும் புதுக் கார் உரிமையாளர்கள் நிறையப் பேர்.

அந்த விவகாரத்தில் அமெரிக்கா செய்த ஒரு உருப்படியான காரியம், 2000 நவம்பரில் போட்ட சட்டம். அதன் வழியாக வந்த விதிப்படி 2007 செப்டம்பரிலிருந்து அங்கே விற்கும் எல்லாப் புதுக் கார்களிலும் டயர் அழுத்தம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும். ஐரோப்பாவில் 2014 நவம்பரிலிருந்து எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயம். இந்தியாவில் இப்போது பல கார்களில் வருகிறது, எல்லா வகைகளிலும் இல்லை. 2020இல் மத்திய அரசு விதியைத் திருத்தி, இந்த எச்சரிக்கைக் கருவியும் டியூப் இல்லாத டயரைப் பழுது பார்க்கும் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னியே தேவையில்லை என்றது. அதாவது இங்கே இந்தக் கருவி ஸ்டெப்னிக்குப் பதிலாக உள்ளே வருகிறது!

விளக்கு இருந்தால் பிரச்சினை தீர்ந்ததா என்றால், புது வண்டி விஷயத்தில் தீரவில்லை. அமெரிக்க விதிப்படி அட்டை அளவிலிருந்து 25 சதவீதம் குறைந்தால்தான் எச்சரிக்கை கட்டாயம். 32 இருக்க வேண்டிய டயர் 24க்கு இறங்க வேண்டும். அதிகமாக இருந்தால் எச்சரிக்க வேண்டும் என்று அந்த விதியில் இல்லை. இன்னொரு கூத்தும் உண்டு. சில வண்டிகளில் டயருக்குள் அழுத்தத்தை அளக்கும் சென்சாரே கிடையாது. காற்று குறைந்த சக்கரம் கொஞ்சம் வேகமாகச் சுற்றும், அதை மற்ற சக்கரங்களோடு ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்கும். அதற்கு முதலில் சரியான காற்றை வைத்துவிட்டு 'இதுதான் சரி' என்று ஒரு பட்டனை அமுக்கிக் கற்றுக்கொடுக்க வேண்டும். டெலிவரி அன்று நாலு டயரிலும் 46 இருக்கும்போது அந்தப் பட்டனை அமுக்கிவிட்டால் வண்டி 46தான் சரி என்று கற்றுக்கொள்ளும். அப்புறம் அட்டையைப் பார்த்து நாலையும் 33 ஆக்கிய புண்ணியவானைப் பார்த்து அது விளக்கு எரிய வைத்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை.

ஷோரூம்காரர்கள் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். காற்று நிலையான பொருள் இல்லை. காலையில் பார்த்தது மதியம் மாறும், சுமார் ஐந்தரை டிகிரி வெப்பத்துக்கு ஒரு பி.எஸ்.ஐ. ஏறும், இறங்கும். இன்று எழுதிக் கொடுத்த எண் நாளைக்கு அப்படியே இருக்காது, வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார் என்று பயப்படுகிறார்கள். ஒன்று இரண்டு வித்தியாசத்துக்கு யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. 33க்கு 48 இருப்பதற்கு வெயில் காரணம் இல்லை. தவிர, இதே ஷோரூம்கள் நைட்ரஜன் அடித்துப் பச்சை மூடி போட்டுத் தனியாகக் காசு வாங்கும்போது மட்டும் காற்றைப் பற்றி ரொம்ப விவரமாகப் பேசுகின்றன. சும்மா கிடைக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

வாங்குபவர்கள் மேலும் தப்பு உண்டு. பெட்ரோல் பங்கில் காற்று இலவசமாகப் பிடிக்க வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி. வண்டியை நிறுத்தினால் பையன் கேட்பான், "எவ்வளவு சார்?" பாதிப் பேர் பதில், "நீயே பார்த்து வைப்பா." மீதிப் பேர் முன்னால் இருந்த பழைய வண்டியின் எண்ணைச் சொல்வார்கள். தன் வண்டி அட்டையைக் கண்ணால் பார்த்தவர்கள், அதில் ஆள் குறைவாக இருந்தால் ஒரு அளவு, முழு லோடு என்றால் வேறு அளவு என்று இரண்டு வரி இருப்பதைக் கவனித்தவர்கள் ரொம்பக் கொஞ்சம். ஆனால் முதல் நாளே ஒருவர் கேஜை வைத்துக் காட்டி, அட்டையைக் காட்டி, நாலு எண்ணை எழுதிக் கையெழுத்து வாங்கினால் அந்த ஒரு தடவையிலேயே பாதிப் பேர் கற்றுக்கொள்வார்கள். பெரியவரும் அப்படித்தான் கற்றுக்கொண்டார், மேலூர் பஞ்சர் கடையில்.

போன மாதம் அவருடைய அக்கா மகன் கார் எடுத்தான். வேறு கம்பெனி, வேறு ஷோரூம். மாமா வேட்டி மடிப்பிலிருந்து கேஜை எடுத்துக் குனிந்தபோது மாப்பிள்ளைக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது. மூன்று டயரில் 44, ஒன்றில் 41. அட்டையில் 35. சேல்ஸ் பையன் முகம் சுளிக்கவில்லை, நல்ல பிள்ளை. உள்ளே ஓடிப்போய் ஆளைக் கூட்டிவந்து நாலையும் இறக்க வைத்தான், ஏழு நிமிடம் ஆனது. பூஜை முடியும் வரை காத்திருந்துவிட்டு, அந்தக் கேஜ் எங்கே கிடைக்கும், என்ன விலை என்று பெரியவரிடம் தனியாகக் கேட்டுக்கொண்டான்.